‘எ ட்ரீம் ஆஃப் ஸ்ப்ளெண்டர்’: நம்மை இழுப்பது காதலா, கடைக் கணக்கா?

வைகைக்கரை

இந்தச் சீனத் தொடரை இரண்டாவது முறையும் முடித்துவிட்டேன். முதல் முறை இருந்த மயக்கம் இப்போது இல்லை, ஆனால் பிடிப்பு கூடியிருக்கிறது. ஏன் என்று யோசித்து ஒரு கட்சிக்கு வந்திருக்கிறேன். இங்கே போட்டுப் பார்க்கிறேன், அடி விழுந்தால் வாங்கிக்கொள்கிறேன்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: 2022 ஜூனில் டென்சென்ட் வீடியோ என்ற சீன இணையத் தளத்தில் வந்தது, மொத்தம் 40 பகுதி. இயக்கம் யாங் யாங், திரைக்கதை ஜாங் வெய். ‘முலான்’ படத்தில் நடித்த லியு யிஃபெய்தான் நாயகி. கதை நடப்பது வட சோங் அரசில், ஜென்சோங் மன்னர் காலத்தில், அதாவது 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இன்றைய ஹாங்ஜோ இருக்கும் ச்சியன்தாங்கில் டீக்கடை வைத்திருக்கிறாள் ஜாவ் பான்அர். அவள் மூன்று வருடம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு படிக்க வைத்த ஓயாங் சூ, தலைநகருக்குப் போய் அரசுத் தேர்வில் மூன்றாம் இடம் வாங்குகிறான். கல்யாணத்துக்குக் காத்திருப்பவளிடம் அவன் வரவில்லை. அவனுடைய வயதான வேலைக்காரர் வருகிறார், கல்யாணம் இல்லை என்று சொல்ல. பெரிய இடத்துச் சம்பந்தம் அமைந்துவிட்டதாம்.

பான்அர் தலைநகருக்குக் கிளம்புகிறாள். அது டோங்ஜிங், இன்றைய கைஃபெங். கூடவே சுன் சான்னியாங், சோங் யின்ஜாங் என்று இரண்டு தோழிகள். ஒருத்தி புருஷனும் பிள்ளையும் கைவிட்டவள், இன்னொருத்தி மோசடிக் கல்யாணத்திலிருந்து தப்பியவள். மூன்று பேரும் சேர்ந்து அந்த ஊரில் ஒரு டீக்கடை திறக்கிறார்கள்.

என் கட்சி இதுதான். இந்தத் தொடரின் உயிர் அந்தக் கடையில் இருக்கிறது. வாடகைக்கு என்ன வழி, பலகாரம் யார் போடுவது, திரைக்குப் பின்னால் யின்ஜாங் பிப்பா என்ற தந்தி வாத்தியம் வாசித்தால் டீயின் விலையை எவ்வளவு ஏற்றலாம், அதே தெருவில் பல தலைமுறையாகக் கடை நடத்துகிறவர்கள் சும்மா இருப்பார்களா. காதலும் வருகிறது, ஆனால் கல்லாவைப் பூட்டிய பிறகுதான் வருகிறது. அதனால்தான் அது நம்பும்படி இருக்கிறது.

கொத்தமல்லி

அக்கா, நாயகன் கு ச்சியன்ஃபானாக வரும் சென் சியாவ் முகத்தைத் திரையில் வைத்துக்கொண்டு வாடகைக் கணக்கைப் பார்த்த ஒரே ஆள் நீங்கள்தான்.

விளையாட்டை விடுங்கள். நான் எதிர்க்கட்சி. கு ச்சியன்ஃபான் இல்லாமல் இந்தத் தொடர் ஒரு சுயதொழில் வகுப்பாகப் போயிருக்கும். அவன் யார் என்று பாருங்கள்: மன்னரின் ரகசிய விசாரணை அமைப்பில் அதிகாரி. ஊரே அவனை ‘உயிரோடு உலவும் எமன்’ என்று கூப்பிடுகிறது. பான்அர் முதலில் அவனைப் பார்த்து மயங்கவில்லை, எரிச்சல்தான் படுகிறாள். அவனும் அவளைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறான், ஒரு கொலை வழக்கில் அவளுக்குப் பங்கு இருக்குமோ என்று. அப்புறம் அவனுக்கு அடிபடுகிறது, அவள் காப்பாற்றுகிறாள். அவள் ஒரு கேடுகெட்ட நீதிமன்றத்தில் மாட்டுகிறாள், அவன் வந்து நிற்கிறான். யாருக்கு யார் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்று இருவருமே கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் சொல்லும் கணக்குப் புத்தகம் காதலிலும் இருக்கிறது, கவனிக்கவில்லையா?

சந்தேகம் வந்தால் வாய் திறந்து கேட்டுவிடுகிறார்கள், அதுவே பெரிய ஆறுதல். எத்தனை தொடரில் பாதி நேரம் ‘அவள் தப்பாக நினைத்துக்கொண்டாள், அவன் விளக்கம் சொல்லவில்லை’ என்றே போகிறது!

மாடிப்படி

இரண்டு கட்சிக்கும் ஓட்டு இல்லை. என் ஓட்டு சான்னியாங்குக்கு.

அவளுடைய கதையை நீங்கள் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். புருஷன் இன்னொருத்தியோடு போனது ஒரு அடி. அதைவிடப் பெரிய அடி, பெற்ற மகனே ‘இந்த அம்மா வேண்டாம், அந்த அம்மா போதும்’ என்கிற மாதிரி நடந்துகொள்வது. பையன் நன்றாகப் படிக்க வேண்டும் என்று அவள் கண்டிப்பாக இருந்தாள், வந்தவள் செல்லம் கொடுத்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். சான்னியாங் ஆற்றில் விழப் போகிறாள். அதன் பிறகு அவளை மீட்டெடுத்தது காதல் இல்லை. மாவு பிசைந்து, அச்சில் போட்டு, விதவிதமாகப் பலகாரம் செய்து, அது விற்றுத் தீர்ந்து, ‘இதை யார் செய்தது?’ என்று ஆட்கள் கேட்கிறார்கள். அங்கேதான் அவள் முதுகு நிமிர்கிறது.

கிட்டப்பார்வை வாத்தியார் து சாங்ஃபெங் அப்புறம்தான் வருகிறார். அந்த ஜோடி எனக்கு நாயகன் நாயகி ஜோடியைவிடப் பிடிக்கும். அவர் படித்தவர், அவள் அடுப்படிக்காரி. தடுமாறுவது அவர்தான்.

பழைய பேப்பர்

இந்தக் கதையின் வேரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. யுவான் காலத்து நாடகாசிரியர் குவான் ஹான்சிங் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய நாடகம் ஒன்றிலிருந்து எடுத்தது இது. ஜாவ் பான்அர், சோங் யின்ஜாங், அவளை ஏமாற்றிக் கட்டிக்கொண்டு அடித்து நொறுக்கும் ஜோவ் ஷே, மூன்று பேருமே அந்த நாடகத்தின் பாத்திரங்கள். தொடரின் ஆரம்பப் பகுதிகளில் யின்ஜாங்கை மீட்கிறார்களே, அதுதான் மூல நாடகத்தின் முழுக் கதை. கு ச்சியன்ஃபான், தலைநகரப் பயணம், கடை எல்லாம் தொடருக்காகச் சேர்த்தவை.

நாடகத்தில் பான்அர் செய்யும் வேலையைக் கேளுங்கள். ஜோவ் ஷேயிடம் போய் ‘நான் உன்னைக் கட்டிக்கொள்கிறேன், முதலில் அவளுக்கு விலக்குச் சீட்டு எழுதிக் கொடு’ என்கிறாள். அவன் நிச்சயத்துக்கு மது வாங்கி வரச் சொன்னால், ‘என் வண்டியிலேயே இருக்கிறது’ என்கிறாள். ஆடு வாங்கணும் என்றால் ‘அதுவும் கொண்டுவந்திருக்கிறேன்’. சிவப்புப் பட்டு? அதுவும் அவள் பெட்டியில் தயார். ஏன் தெரியுமா? அவன் கொடுத்த மதுவையோ ஆட்டையோ பட்டையோ ஏற்றுக்கொண்டால், நாளைக்குச் சட்டப்படி அவள் அவனுக்கு நிச்சயிக்கப்பட்டவள் ஆகிவிடுவாள். எல்லாம் அவளுடையதே என்றால் அவனுக்கு எந்தப் பிடியும் கிடையாது.

சீட்டு கிடைத்து இருவரும் கிளம்பியதும் அவன் துரத்தி வருகிறான். யின்ஜாங்கின் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கி வாயில் போட்டு மென்றே தின்றுவிடுகிறான். அசலைப் பான்அர் ஏற்கெனவே மாற்றி வைத்துவிட்டாள்! மென்றது நகல். 700 வருடத்துக்கு மேல் ஆகியும் இந்த இடத்தில் சிரிப்பு வருகிறது.

எனவே வைகைக்கரை சொல்லும் ‘கணக்கு’ புதிதாக வந்ததில்லை. பான்அர் பிறந்ததே கணக்கோடுதான்.

வைகைக்கரை

@பழைய பேப்பர் சார், அந்த ஆட்டு விஷயம் அருமை. என் கட்சிக்கு இதைவிடப் பலமான சாட்சி வேண்டாம்.

@மாடிப்படி, சான்னியாங்கை ஒரு வரியில் தாண்டியதற்கு அபராதமாக இரண்டு தட்டுப் பலகாரம் வைத்துவிடுகிறேன்.

ஏலக்காய் டீ

கடை, கடை என்கிறீர்கள், அந்தக் கடையில் என்ன டீ போடுகிறார்கள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நான் இந்தத் தொடருக்குள் விழுந்ததே அந்த நுரையைப் பார்த்துத்தான்.

அது நம்ம ஊர் டீ இல்லை, இன்று சீனாவில் இலையை வெந்நீரில் ஊற வைத்துக் குடிக்கிறார்களே அதுவும் இல்லை. சோங் காலத்தில் இலையை ஆவியில் வேகவைத்து, அழுத்தி, கட்டியாக்கி வைப்பார்கள். குடிக்கும்போது கட்டியை அனலில் வாட்டி, உடைத்து, அரைத்து, மெல்லிய சல்லடையில் சலித்துப் பொடியாக்கணும். கிண்ணத்தை முதலில் சூடாக்கணும். பொடியைப் போட்டுச் சொட்டு வெந்நீரில் களிம்பு போலக் குழைக்கணும். அதன் பிறகு நீண்ட மூக்குள்ள கூஜாவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் விட்டு, மூங்கிலைச் சன்னமாகக் கீறிச் செய்த மத்தால் அடிக்கணும். மணிக்கட்டுதான் வேலை செய்யும், தோள் அசையக் கூடாது. நன்றாக வந்தால் பால்வெள்ளை நுரை எழும்பிக் கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். அந்த வெண்மை எடுப்பாகத் தெரியத்தான் கறுப்புக் கிண்ணம். ஃபுஜியானில் ஜியான் சூளையில் சுட்டவை அதற்குப் பேர்போனவை, உள்ளே முயல் ரோமம் போலக் கீற்றுக் கீற்றாக ஓடும்.

போட்டி வைத்தால் விதி எளிது. யாருடைய நுரை முதலில் கலைந்து, கிண்ணத்தின் ஓரத்தில் தண்ணீர்க் கோடு தெரிகிறதோ அவர் தோற்றார். இதற்கும் மேலே ஒரு வித்தை, நுரையின் மேல் தண்ணீராலேயே படம் வரைவது. தொடரில் டீத் தெருக்காரர்களோடு நடக்கும் போட்டியில் இந்த அழகெல்லாம் வருகிறது. லியு யிஃபெய் மத்து பிடிக்கும் காட்சிகளில் கேமரா அவசரமே படுவதில்லை. ஜப்பானில் இன்றும் மாட்சா என்று டீப்பொடியை அடிக்கிறார்களே, அது இந்தச் சோங் முறையிலிருந்து போனதுதான். சீனாவில்தான் மிங் காலத்தில் வழக்கொழிந்துபோனது.

பழைய பேப்பர்

@ஏலக்காய் டீ, ஒரே ஒரு இடைச்செருகல். இந்த முறையை மிக நுணுக்கமாக எழுதி வைத்தவர் ஹுய்சோங் மன்னர். தண்ணீரை ஏழு தடவையாக விட்டு அடிக்கச் சொல்கிறார். அவர் எழுதியது 1107 வாக்கில். தொடரின் கதை அதற்குச் சுமார் 90 வருடம் முந்தியது. ஆக, திரையில் நாம் பார்ப்பது அந்தக் கலை உச்சத்துக்குப் போன பிறகு இருந்த நேர்த்தி. ஜென்சோங் காலத்தில் டீ அடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. அவருடைய அமைச்சர் திங் வெய், ஃபுஜியானில் அரண்மனைக்கென்று டிராகன், பீனிக்ஸ் முத்திரை போட்ட டீக்கட்டிகள் செய்வதை மேற்பார்த்தவர்.

சும்மா வந்தேன்

காதல் தொடர் என்று உள்ளே வந்தேன், மத்து பிடிப்பது எப்படி என்று கற்றுக்கொண்டு போகிறேன்.

கடுகு

எல்லோரும் நன்றாகப் புகழ்ந்தாயிற்று. நான் கொஞ்சம் எண்ணெயை ஊற்றுகிறேன்.

இந்தத் தொடரில் எனக்கு ஒட்டாத ஒன்று பான்அரின் ‘தூய்மை’. குவான் ஹான்சிங்கின் நாடகத்தில் அவள் தொழிலில் இருப்பவள். அந்தத் தொழில் கற்றுத்தந்த சாமர்த்தியத்தை வைத்தே ஜோவ் ஷேயை மடக்குகிறாள். அவளுக்கு அதில் வெட்கம் இல்லை, நாடகாசிரியருக்கும் இல்லை. தொடரில் என்ன செய்தார்கள்? அப்பா அரசு அதிகாரி, குடும்பம் தண்டனைக்கு ஆளானதால் சிறுமியாக இருந்தபோது, இழிவாகப் பார்க்கப்பட்ட ஆடல்பாடல்காரர்களின் அரசுப் பதிவேட்டில் தள்ளப்பட்டாள், கலையைத் தவிர வேறெதுவும் இல்லை, சீக்கிரமே மீண்டுவிட்டாள் என்று ஆக்கிவிட்டார்கள். போதாக்குறைக்கு, ‘உடம்பைக் காட்டிப் பிழைத்தால்தான் இழிவு, திறமையால் பிழைத்தால் இழிவில்லை’ என்கிற பொருளில் ஒரு வசனம். தொடர் ஓடிக்கொண்டிருந்த நாட்களிலேயே சீன இணையத்தில் இதற்குப் பெரிய சண்டை நடந்தது. நாயகன், நாயகி இரண்டு பேருமே ‘கறைபடாதவர்கள்’ என்பதையே ஒரு விற்பனைச் சரக்காக ஆக்கிவிட்டார்கள் என்று திட்டினார்கள். திட்டு நியாயமானதுதான்.

மூன்று பெண்கள் தங்கள் காலில் நிற்கும் கதை என்று கொண்டாடுகிறோம். ஆனால் நாயகியாக நிற்க அவளுக்கு முதலில் நற்சான்றிதழ் தேவைப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டு ஆளுக்குத் தேவைப்படாத சான்றிதழ் 2022இல் தேவைப்பட்டிருக்கிறது.

கொத்தமல்லி

கடுகு அண்ணா, பாதி ஒத்துக்கொள்கிறேன். அந்த வசனம் எனக்கும் உறுத்தியது. ஆனால் தொடர் முழுக்க அந்தப் பக்கமே நிற்கிறது என்று சொல்ல முடியாது. யின்ஜாங் இருக்கிறாளே. பதிவேட்டில் தன் பெயர் இருப்பதுதான் அவளை அரிக்கிறது. கல்யாணம் செய்துகொண்டால் பெயரை எடுத்துவிடலாம் என்ற ஒரே ஆசையில்தான் ஜோவ் ஷே மாதிரி ஆளிடம் போய் விழுகிறாள். பான்அர் அக்கறையாகப் பேசும்போதே அதில் ஒரு தாழ்த்தல் இருப்பது அவளுக்குப் புரிகிறது. தோழிகளுக்குள் விரிசல் வருவது அங்கேதான். அதைக் காட்டத் துணிந்தார்களே.

ஓய்வுபெறப் போகும் முதலமைச்சர் அவள் வாசிப்பைக் கேட்டுவிட்டு அவளுடைய பிப்பாவின் மேலேயே பாராட்டி எழுதிக் கொடுக்கிறாரே, அந்தக் காட்சி? அதுவரை தலை குனிந்தே நடந்தவள் அதன் பிறகு எப்படி நடக்கிறாள் என்று பாருங்கள்.

கடுகு

அதையேதான் நானும் சொல்கிறேன் தங்கச்சி. அவள் நிமிர ஒரு பெரிய மனிதர் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. ஜாங் ஹாவ்ஹாவ் அப்படி இல்லை. தலைநகரின் முதல்தரப் பாடகி, அதே பதிவேட்டில்தான் இருக்கிறாள், ஆனால் ‘என் குரலுக்கு நான் ராணி’ என்று சிரித்துக்கொண்டே நடமாடுகிறாள். அவளுக்கு இன்னும் பத்து காட்சி கொடுத்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

பழைய பேப்பர்

கடுகுவின் வாதத்துக்கு எதிர்வாதம் தொடருக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் அது அரண்மனையில் இருக்கிறது. இனி வருவது கதையை உடைக்கும் தகவல், பார்க்காதவர்கள் தாண்டிப் போகவும்.

ஆரம்பத்திலிருந்து எல்லோரும் ஒரு விருந்து ஓவியத்தைத் தேடி ஓடுகிறார்களே, ஓயாங் சூவும் கையில் வைத்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்கிறானே, அந்த ஓவியம் யாரைப் பற்றியது? பேரரசி லியுவின் பழைய வாழ்க்கைக்கு அது சாட்சி. ஓவியம் கற்பனை, பேரரசி நிஜம். சிச்சுவான் பக்கத்து ஆதரவற்ற பெண், கைப்பறை ஆட்டி வாசிப்பதில் கெட்டிக்காரி. வெள்ளி வேலை செய்யும் கோங் மெய் என்பவனோடு தலைநகர் வந்தாள். அவன்தான் அவளுடைய முதல் கணவன் என்று வரலாற்றில் ஒரு பேச்சு உண்டு. அங்கே இளவரசராக இருந்த ஜென்சோங் அவள்மேல் ஆசைப்பட்டார். பிற்பாடு கோங் மெய் அவளுடைய ‘அண்ணன்’ ஆக்கப்பட்டு லியு என்ற குடும்பப் பெயரும் பெற்றான். 1012இல் அவள் பேரரசி. மன்னர் 1022இல் இறந்த பிறகு, சாகும்வரை, அதாவது 1033 வரை, சிறுவயது மன்னருக்காக ஆண்டதும் அவள்தான். கடைசி வருடத்தில் மன்னர் அணியும் உடைக்குக் கிட்டத்தட்ட நிகரான உடையில் முன்னோர் கோயிலுக்குள் போனாள், அமைச்சர்கள் முனகிக்கொண்டே நின்றார்கள்.

இப்போது யோசியுங்கள். மேலே, நாட்டின் உச்சியில், பதிவேட்டு வாழ்க்கைக்குப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு பெண். கீழே, அதே பதிவேட்டின் பெயரால் அவமானப்படும் பெண்கள். தன் பழைய வாழ்க்கையை மறைக்க ரத்தம் சிந்தினாலும் பரவாயில்லை என்ற இடத்தில் அவள், அதை மறைக்காமல் வாழ முயலும் இடத்தில் இவர்கள். சான்றிதழ் எல்லோருக்கும் தேவைப்படுகிறது, அதுதான் அந்தச் சமூகத்தின் நோய் என்று தொடர் சொல்வதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடுகு

சார், நல்ல வாதம். ஆனால் தொடர் சொல்வதாக நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். அது சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பான்அருக்கும் அந்தப் பேரரசியின் கடந்த காலத்தையே கொடுத்திருக்கும்.

கடலோடி

தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன், மன்னிக்கவும். ஜென்சோங் என்ற பெயரைப் பார்த்ததும் கை நிற்கவில்லை.

இந்த மன்னரின் அவைக்குத்தான் 1015இல் சோழர் தூதுக்குழு போய்ச் சேர்ந்தது. அனுப்பியவர் முதலாம் ராசராசன். அவர்கள் கடலில் தத்தளித்துப் போய்ச் சேர்வதற்குள் இங்கே ராசேந்திரன் பட்டத்துக்கு வந்துவிட்டான். காணிக்கையில் முத்துகள் இருந்ததாகச் சீனப் பதிவுகளே சொல்கின்றன. 1020இல் இன்னொரு குழுவும் போனது, அதுவும் இதே மன்னர் காலம்தான். தொடரில் டோங்ஜிங் தெருக்களைக் காட்டும்போதெல்லாம் நான் ஓரமாக நிற்கும் கூட்டத்தில் நம்ம ஆட்கள் யாராவது தெரிகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காட்சியில் ஒரு சோழத் தூதன் அந்தக் கடையில் டீ குடித்துவிட்டு முகத்தைச் சுளித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

வைகைக்கரை

@கடலோடி, அவனிடம் பான்அர் இரண்டு மடங்கு விலை வாங்கியிருப்பாள். முத்தாகவே.

தெருக்கள் என்றதும் ஒன்று சொல்லணும். தொடரின் சீனப் பெயர் ‘மெங் ஹுவா லு’. அது மெங் யுவான்லாவ் என்பவர் எழுதிய பழைய நூலின் பெயரிலிருந்து வந்தது. 1127இல் வடக்கிலிருந்து வந்த ஜுர்சென் படை கைஃபெங்கைப் பிடித்தது. தெற்கே தப்பிப்போனவர்களில் அவரும் ஒருவர். 1147இல் உட்கார்ந்து, தான் இளமையில் பார்த்த நகரத்தை ஞாபகத்திலிருந்தே எழுதினார். எந்தத் தெருவில் எந்தக் கடை, இரவுச் சந்தையில் என்னென்ன தின்பண்டம், திருவிழாவுக்குத் திருவிழா என்ன நடக்கும் என்று. அரசர் போர் அமைச்சர் என்றில்லாமல், சாப்பாடும் கடையுமாக ஒரு நகரம். அதே நகரத்தை ஓவியர் ஜாங் செதுவான் வரைந்த, ஐந்து மீட்டருக்கும் கூடுதலான நீள ஓவியமும் அப்படித்தானே. பாலம், படகு, வண்டி, கடைகள், கூட்டம்.

தொடரை எடுத்தவர்கள் இந்த இரண்டையும் நன்றாக உள்வாங்கியிருக்கிறார்கள். நாயகி தெருவில் நடந்தால் பின்னால் நாலு பேர் உண்மையாகவே ஏதோ வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பல சரித்திரத் தொடர்களில் கூட்டம் வெறுமனே நடந்துகொண்டிருக்கும்.

மாடிப்படி

அக்கா, எல்லாம் சரி. ஆனால் பின்பாதி? அங்கே கடை எங்கே போனது?

டீக்கடை பெரிய உணவு மாளிகையாக வளர்ந்ததும், யோங்ஆன் மாளிகை வந்ததும், எனக்கு ஆர்வம் இறங்கிவிட்டது. சின்னக் கடையில் ஒவ்வொரு காசும் தெரிந்தது. பெரிய மாளிகையில் விளக்கும் நடனமும் கூட்டமும்தான் தெரிகிறது, பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரியவில்லை. பணக்காரப் பிள்ளை ச்சி யானெய் இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டார்கள். அவன் சிரிக்க வைக்கிறான் என்பது வேறு விஷயம்.

கொத்தமல்லி

நான் காதல் கட்சி, ஆனாலும் பின்பாதி பற்றி மாடிப்படி சொல்வது சரி. கு ச்சியன்ஃபானின் அப்பாதான் பான்அரின் அப்பாவைக் கவிழ்த்தவர் என்று தெரிந்ததும் கதை அப்படியே வழக்கமான பாதையில் ஏறிவிட்டது. இவ்வளவு நாள் எதுவானாலும் பேசித் தீர்த்துக்கொண்ட இரண்டு பேர், அப்போது மட்டும் பேசாமல் விலகுகிறார்கள். எந்தக் குணத்துக்காக அவர்களை எனக்குப் பிடித்ததோ அதையே எடுத்துவிட்டார்கள்.

ஓயாங் சூவும் அப்படித்தான். ஆரம்பத்தில் அவன் எனக்கு நிஜமான ஆளாகத் தெரிந்தான். பழைய நன்றியும் இருக்கிறது, புது வசதியும் வேண்டும். அதனால் ‘உன்னையும் ஓரமாக வைத்துக்கொள்கிறேன்’ என்று பேரம் பேசும் கோழை. அந்த வகை ஆளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கடைசியில் அவனைக் கண்ணை உருட்டும் வில்லனாக ஆக்கியது வீண்.

வைகைக்கரை

கோழையைக் கோழையாகவே விட்டிருக்கணும், முழுசாக ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் பின்பாதியில் ஒரு காட்சியை விட்டுக்கொடுக்க மாட்டேன். பான்அர் அரண்மனை வாசலில் போய் முறையீட்டு முரசை அடிக்கிறாளே, அது. முரசு அடித்தால் நேரே மேலிடத்துக்கு வழக்குப் போகும், ஆனால் அதற்கு முதலில் பிரம்படி வாங்கணும். அவள் எல்லாம் தெரிந்தே போகிறாள். அடி விழும்போது கு ச்சியன்ஃபான் குதிரையில் பறந்து வந்து தடுப்பான் என்று காத்திருந்தேன். தடுக்கவில்லை, அவள் வாங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் விலக்குச் சீட்டுக்காக அவள் போட்ட கணக்கு மாதிரியேதான் இதுவும். எதைக் கொடுத்தால் எது கிடைக்கும் என்று பார்த்துவிட்டு, கொடுக்கிறாள்.

புது வாசகி

முழு இழையையும் படித்தேன், கதை உடைந்ததும் பரவாயில்லை. இரண்டு கேள்வி. சீனப் பெயர்கள் எனக்குக் குழப்பும், சமாளிக்க முடியுமா? இதற்கு முன் ‘தி ஸ்டோரி ஆஃப் மிங்லான்’ பாதியில் விட்டவள் நான். அது பிடிக்காதவர்களுக்கு இது பிடிக்குமா?

மாடிப்படி

மிங்லானை ஏன் விட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. அதுவும் வட சோங் காலம்தான், 2018 டிசம்பரில் வந்தது, ஆனால் அது வீட்டுக்குள் நடக்கும் யுத்தம். பெரியம்மா, சின்னம்மா, பாட்டி, எந்தப் பிள்ளைக்கு எந்தச் சம்பந்தம் என்று. நாயகி வாயை மூடிக்கொண்டே ஜெயிப்பாள். அங்கே பொறுமைதான் ஆயுதம். 70 பகுதிக்கு மேல் போகும், பாதிக்கு அப்புறம்தான் சூடு பிடிக்கும். இது தெருவில் நடக்கும் கதை, நாயகி வாயைத் திறந்தே ஜெயிப்பாள். பொறுமை போதாமல் அதை விட்டிருந்தால் இது கட்டாயம் பிடிக்கும்.

பெயர்களுக்குப் பயப்படாதீர்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்கு ‘டீக்கடைக்காரி, பலகாரக்காரி, பிப்பாக்காரி, போலீஸ்காரன்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தானாக வந்துவிடும்.

ஏலக்காய் டீ

ஒரு எச்சரிக்கை. இரவு சாப்பாட்டுக்கு முன்னால் பார்க்காதீர்கள். சான்னியாங் தட்டு அடுக்கும்போது பசி தாங்காது.

வைகைக்கரை

@புது வாசகி, தொடக்கத்திலேயே ஒரு வீட்டில் எல்லோரையும் வெட்டிச் சாய்க்கும் கொலை வழக்கு வரும். ‘காதல் தொடர் என்றார்களே’ என்று அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். யின்ஜாங்கை மீட்கும் பகுதிகள் முடியும்வரை பாருங்கள், அதுவரை பிடிக்கவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடலாம். கொத்தமல்லி கட்சியா, என் கட்சியா என்று மட்டும் வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.

கொத்தமல்லி

அவர் பார்ப்பதற்குள்ளேயே ஓட்டுக் கேட்கிறீர்களே அக்கா. புது வாசகி, கு ச்சியன்ஃபான் அடிபட்டு அவள் டீக்கடையில் ஒளிந்திருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வாங்க, அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

கடுகு

மூன்றாவது கட்சியும் ஒன்று இருக்கிறது. ஜாங் ஹாவ்ஹாவ் வரும் இடங்களை எண்ணிக்கொண்டே பாருங்கள், ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்க ஒரு ஆளாவது கூட வேண்டும்.